அனிமேஷன் நையாண்டித் தொடர்கள்: பல ஆண்டுகள் பார்த்த பின்

பெரியவர்களுக்கென எடுக்கப்படும் அமெரிக்க அனிமேஷன் நையாண்டித் தொடர்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். கெட்ட வார்த்தைகளும் ஆபாசமும்தான் இவற்றின் கவர்ச்சி என்பது ஓரிரு பகுதிகளோடு நிறுத்திக்கொண்டவர்களின் முடிவு. அந்த அதிர்ச்சி சில வாரங்களிலேயே பழகிவிடும். அதன் பிறகும் ஒரு தொடர் நம்மை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதன் பாத்திரங்கள்தாம்.

'தி சிம்ப்சன்ஸ்' 1989 டிசம்பரில் தனித் தொடராகத் தொடங்கியது. அதன் சிம்ப்சன் குடும்பத்துச் சிறுவன் பார்ட்டுக்கு அன்றும் பத்து வயது, இன்றும் பத்து வயது. பாத்திரங்கள் அப்படியே நிற்க, வயது ஏறுவது நமக்கு மட்டும்தான் என்பதால், ஒரே பகுதி வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு ஆள் பக்கம் நம்மைச் சாய்க்கிறது. 1997இல் வந்த 'ஹோமர்ஸ் எனிமி' என்ற பகுதி இதற்கு நல்ல சான்று. வாழ்நாள் முழுவதும் உழைத்தும், மேலே ஒரு பௌலிங் அரங்கு, கீழே ஒரு பௌலிங் அரங்கு, நடுவே ஒற்றை அறை என்று குடியிருக்கும் ஃபிராங்க் கிரைம்ஸ், அணுமின் நிலையத்தில் தூங்கிக்கொண்டே பாதுகாப்பு ஆய்வாளர் வேலை பார்க்கும் பார்ட்டின் அப்பா ஹோமரின் பெரிய வீட்டைக் கண்டு மனம் பேதலித்து, அவரைப் போலவே நடந்து காட்டுகிறேன் என்று மின்கம்பியைத் தொட்டு இறந்துபோகிறார். அடக்கத்தின்போதும் ஹோமர் உறங்குகிறார். சேனலை மாற்றச் சொல்லி மனைவியிடம் அவர் தூக்கத்தில் முணுமுணுக்க, துக்கத்துக்கு வந்தவர்கள் சிரிக்கிறார்கள். முதன்முறை பார்த்தபோது நானும் சிரித்தேன். அலுவலக வாழ்க்கை பழகிய பிறகு பார்த்தபோது கிரைம்ஸ் பக்கம் நின்றேன். உயிருள்ள நடிகர்கள் நடித்திருந்தால் இக்காட்சியைச் சகித்துக்கொள்வதே கடினம். மஞ்சள் நிறக் கோட்டுருவங்கள் என்பதால்தான் இவ்வளவு கொடுமையைச் சிரித்தபடி பார்க்க முடிகிறது.

'சவுத் பார்க்' வேறு வகை. ஒரு பகுதியை ஏறத்தாழ ஆறே நாட்களில் முடித்துவிடும் வேகம் அதன் பலம். 2008 அதிபர் தேர்தலில் ஒபாமா வென்ற மறுநாளே அந்த வெற்றியைப் பகடி செய்த பகுதி ஒளிபரப்பானது. சுடச்சுடப் பார்க்க அதற்கு ஈடில்லை. ஆனால் செய்தியை நம்பிய நகைச்சுவை செய்தியோடு பழசாகிறது. மறுமுறை பார்க்கையில் எதற்காகச் சிரித்தோம் என்றே பாதி இடங்களில் நினைவுக்கு வருவதில்லை. அதில் வரும் கார்ட்மன் என்ற சிறுவனின் சுயநலம் மட்டும் எந்த ஆண்டிலும் எடுபடுகிறது. 'ஃபேமிலி கை' 2002இல் நிறுத்தப்பட்டு, டிவிடி விற்பனையின் பலத்தால் 2005இல் திரும்பி வந்தது; கதையை விட்டு விலகிச் சட்டென வந்துபோகும் அதன் துண்டு நகைச்சுவைகளைத் தொடர்ச்சியாகப் பார்த்தால் எனக்குச் சலிப்புத்தான் மிஞ்சுகிறது.

எதிர்பாராமல் நிலைத்தது 'கிங் ஆஃப் தி ஹில்'. டெக்சாஸில் புரொப்பேன் எரிவாயு விற்கும் ஹேங்க், வேலியோரம் நண்பர்களுடன் பீர் குடித்தபடி நிற்பதைத் தவிரப் பெரிதாக எதுவும் நிகழாத தொடர் இது. அவருடைய பழமைவாதத்தைக் கிண்டல் செய்தாலும், அவரை ஒருபோதும் முட்டாளாக்குவதில்லை.

2014இல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய 'போஜாக் ஹார்ஸ்மன்' இவ்வகையின் அடிப்படை விதியையே மீறுகிறது: செய்த தவறுகள் அடுத்த பகுதியில் அழிந்துபோவதில்லை. ஐந்தாம் சீசனில் தாயின் இறுதிச் சடங்கில், புகழ் மங்கிய நடிகரான போஜாக் பேசும் பேச்சே ஏறத்தாழ ஒரு முழுப் பகுதியாகிறது. கடைசியில்தான் அவர் வேறு யாருடைய சடங்கிலோ பேசிக்கொண்டிருந்தது தெரியவருகிறது. அந்த நகைச்சுவை அதற்கு முந்தைய துயரத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது.

ஒரே மூச்சில் பல பகுதிகளைப் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லாவற்றையும் எள்ளும் தொனி விரைவில் திகட்டும். படம் வரையப்பட்டது என்பதற்காகக் குழந்தைகளுடன் உட்காரவும் வேண்டாம். புதிதாகத் தொடங்குவோர் 'தி சிம்ப்சன்ஸ்' மூன்று முதல் எட்டு வரையிலான சீசன்களைப் பார்த்துவிட்டு, அடுத்து 'போஜாக்' பக்கம் வரலாம். அதன் முதல் சில பகுதிகள் சுமார்தான், பொறுத்துக்கொள்ளலாம்.