மூன்று சீசன், 38 தோல்வி: ஒரு 99 டாலர் டிக்கெட்டின் கதை

2014-இல் அரீனா ஃபுட்பால் லீக்கில் ஆடிய லாஸ் ஏஞ்சலிஸ் கிஸ் அணியின் சீசன் டிக்கெட்டை வாங்கியபோது, அமெரிக்கக் கால்பந்தை அரங்குக்குள்ளும் ஆடுவார்கள் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. விலை 99 டாலர். ஒன்பது உள்ளூர் ஆட்டங்கள், கூடவே கிஸ் ராக் குழுவின் கச்சேரி ஒன்று. கச்சேரியை விட்டுவிட்டாலும் ஆட்டத்துக்கு 11 டாலர்தான் என்று கணக்குப் போட்டேன். பெயரில் மட்டும்தான் லாஸ் ஏஞ்சலிஸ். ஆடியது அனஹைமின் ஹோண்டா சென்டரில்.

அந்தக் குழுவின் ஜீன் சிம்மன்ஸும் பால் ஸ்டான்லியும் அணியின் உரிமையாளர்களில் இருவர். ஆகவே சத்தத்துக்கும் வேடிக்கைக்கும் பஞ்சமே இல்லை. பஞ்சம் வெற்றிக்குத்தான். முதல் சீசனில் 18 ஆட்டம், 3 வெற்றி, 15 தோல்வி.

இந்த ஆட்டத்தில் தோற்பது எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐஸ் ஹாக்கித் தளத்தின் மேல் செயற்கைப் புல்லை விரித்துத்தான் ஆடுகிறார்கள். 50 கெஜ நீளம், 85 அடி அகலம், ஓரமெங்கும் மெத்தை வைத்த சுவர். பக்கத்துக்கு எட்டு பேர். பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்கும் 'பன்ட்' என்பதே கிடையாது. கோல் கம்பங்களின் இருபுறமும் வலை கட்டியிருப்பார்கள். குறி தப்பிய உதை அதில் பட்டுத் திரும்பி வந்தால் ஆட்டம் தொடரும். இப்படிப்பட்ட இடத்தில் பந்தை வைத்திருக்கும் அணி டச்டவுன் அடிப்பதுதான், அதாவது எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பதுதான் இயல்பு. 50 புள்ளி எடுத்தும் தோற்கலாம்.

இது எனக்குப் பிடிபட ஏறக்குறைய ஒரு சீசன் ஆனது. எங்கள் அணி டச்டவுன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்று கத்தினேன். எதிரணியும் அடுத்த இரண்டு நிமிடத்தில் அடித்துவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. இரண்டாம் ஆண்டிலிருந்து டிக்கெட்டின் பின்புறத்தில் வேறொரு கணக்கு எழுதத் தொடங்கினேன்: எதிரணியைப் புள்ளி எடுக்கவிடாமல் எத்தனை முறை தடுத்தோம்? ஒரு தடுப்புக்கு ஒரு கோடு. மூன்று கோடு விழுந்த நாளில் நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பேன். ஒரு கோடு என்றால் மூன்றாம் கால்பகுதியிலேயே கார் சாவியைத் தேடுவேன். 2015-இல் பெரும்பாலும் சாவிதான்: 4 வெற்றி, 14 தோல்வி.

ஆனாலும் கடைசி நிமிடம் வரை உட்காரவைக்கும் விதி ஒன்று உண்டு. முன்னிலையில் இருக்கும் அணி பந்தை நகர்த்தாமல், அதை வைத்திருப்பவர் வெறுமனே மண்டியிட்டு நேரத்தைக் கடத்த முடியாது. கடைசி ஒரு நிமிடத்தில் பந்தை முன்னே நகர்த்தாவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். இரண்டு டச்டவுன் பின்தங்கியிருந்தாலும் ஆசை விடாது. அந்த ஆசையில் நான் இழந்த தூக்கம் கொஞ்சமல்ல.

பார்வையாளர் பகுதிக்குள் விழும் பந்தை எடுத்தவரே வைத்துக்கொள்ளலாம். மூன்று ஆண்டில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு வரிசை முன்னால் இருந்தவருக்கு இரண்டு கிடைத்தன; அதில் ஒன்றை அவர் மகன் ஒரு முறை எங்களைத் தொட்டுப் பார்க்கவிட்டான்.

2016-இல் 7 வெற்றி, 9 தோல்வி. அந்த ஆண்டு லீக்கில் மிஞ்சியது எட்டே அணிகள், எட்டும் பிளேஆஃபில். தோல்விக் கணக்கோடு உள்ளே போய் முதல் சுற்றிலேயே கிளீவ்லாண்டிடம் தோற்று வெளியே வந்தோம். அணி ஒருவழியாகத் தேறுகிறது என்று நான் நினைத்த அந்த ஆண்டோடு அணியே இல்லாமல் போனது.

அரங்குக்குள் ஆடும் வேறொரு லீக்கான இன்டோர் ஃபுட்பால் லீக் இன்றும் நடக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் அணி இருந்து, சீசன் டிக்கெட் வாங்க நினைத்தால் ஒரு யோசனை. முதல் வரிசையில் சுவருக்கு மேலே வீரர்கள் வந்து விழுவார்கள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரும் இடமல்ல அது. கொஞ்சம் மேலே, எண்ட் சோன் (டச்டவுன் அடிக்கும் பகுதி) மூலையைப் பார்க்கும் இருக்கையாக எடுங்கள். அங்கிருந்துதான் தடுப்பாட்டக்காரர் ஒரு அடி தாமதிப்பது தெரியும். வலைக்காக அந்த மூலையைத் தேட வேண்டாம்; அந்த லீக்கில் வலை கிடையாது.