திரித்துவ ஞாயிறு ஆராதனையில் அத்தனாசியு விசுவாசப் பிரமாணம்

புரசைவாக்கத்தை ஒட்டிய ஒரு லுத்தரன் ஆலயத்தில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியானவர் ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்பதை நினைவுகூரும் திரித்துவ ஞாயிறு காலை ஆராதனைக்குச் சென்றிருந்தேன். சபை தன் நம்பிக்கையை அறிக்கையிடும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும் இடத்தில் அன்று, திரித்துவத்தை விரித்துரைக்கும் அத்தனாசியு விசுவாசப் பிரமாணம் முழுவதையும் சபையார் எழுந்து நின்று, ஆயர் ஒரு வரியும் தாங்கள் ஒரு வரியுமாகச் சொன்னார்கள். ஏறத்தாழ ஆறு நிமிடங்கள் ஆயின.

இவ்வளவு நீளமான பிரமாணம் இன்றைய ஆராதனைக்குத் தேவைதானா என்று பலர் கேட்கிறார்கள். அன்று அதைச் சொல்லிப் பார்த்தபின், தேவை என்றே நான் உறுதியாகச் சொல்வேன். பிதா நித்தியர், குமாரன் நித்தியர், பரிசுத்த ஆவியானவர் நித்தியர், ஆனாலும் நித்தியர் மூவரல்ல, ஒருவரே என்று அடுக்கடுக்காக வரும் வரிகளை மௌனமாக வாசித்தால் சலிப்புத் தட்டலாம். முந்நூறு பேர் சேர்ந்து சொல்லும்போதோ, பத்தாவது வரிக்குள் சிறுவர்கள்கூடத் தாளைப் பாராமல் பதில் வரியைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். "உங்களுக்கு மூன்று கடவுளா?" என்று பள்ளியில் கேட்கப்படும் பிள்ளைகளும், திரித்துவத்தை ஏற்காமல், இயேசுவின் நாமத்தில் மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்போரை அடுத்த தெருவிலேயே சந்திக்கும் இளைஞர்களும் வாழும் சென்னையில், இப்பயிற்சியை நான் சிறிதாக எண்ணவில்லை.

பெயர் அவருடையதானாலும், கி.பி. 373இல் மறைந்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு இதை எழுதவில்லை. அவருக்குப் பிற்காலத்தில் மேற்குத் திருச்சபையில் இலத்தீனில் உருவானது இது. ஆயினும் 1580ஆம் ஆண்டின் லுத்தரன் அறிக்கைத் தொகுப்பு, அப்போஸ்தலர், நிசேயா பிரமாணங்களோடு இதையும் முதலிலேயே வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டின் லுத்தரன் ஆராதனைப் புத்தகத்தில் இடம்பெற்றிருந்த இப்பிரமாணம், அதற்குப் பதிலாக 2006இல் வந்த நூலில் விடப்பட்டது. அதே ஆண்டில் மிசௌரி சினாடு என்னும் மற்றொரு அமெரிக்க லுத்தரன் சபை வெளியிட்ட நூலிலோ தொடர்ந்து இடம்பெற்றது. ஆகவே இந்தக் கேள்வி நம்முடையது மட்டுமன்று.

எனக்கு மனக்குறை ஏற்பட்டது விளக்கமின்மையால்தான். தாளில் 'கத்தோலிக்க விசுவாசம்' என்று அச்சிட்டிருந்ததைக் கண்டு, பக்கத்தில் நின்ற பெரியம்மா, "தம்பி, இது ரோமன் சபையாருடையதா?" என்று கேட்டார். இங்கே அச்சொல்லுக்கு எல்லாத் திருச்சபைக்கும் பொதுவானது என்பதே பொருள்; 'பொதுவான' என்று போட்டிருந்தால் அக்கேள்வி எழுந்திராது. நன்மை செய்தவர்கள் நித்திய ஜீவனுக்கும் தீமை செய்தவர்கள் நித்திய அக்கினிக்கும் போவார்கள் என்ற இறுதிப் பகுதி இன்னும் கடினமானது. விசுவாசத்தினால் மட்டுமே நீதிமான்களாக்கப்படுகிறோம் என்று ஞானோபதேசத்தில் கற்றவர்கள் அங்கே திகைப்பது இயல்பே. அது யோவான் 5:29இல் ஆண்டவர் சொன்னதையே எதிரொலிக்கிறது என்றும், செயல்கள் விசுவாசத்தின் கனிகள் என்றும் இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பிரசங்கமோ இப்பிரமாணத்தைத் தொடவே இல்லை. இதைக் காக்காதவர் கெட்டுப்போவார் என்ற தொடக்க வரியையும் விளக்கமில்லாமல் சபையின் வாயில் வைப்பது சரியன்று.

ஞாயிறுதோறும் இதைச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை திரித்துவ ஞாயிறன்று முழுவதுமாகச் சொன்னால் போதும், அதற்கு முந்தின வாரமே ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலும் பொருள் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். முதியோர் உட்கார்ந்தபடியே சொல்லலாம் என்று ஆயர் அறிவிப்பதும், எழுத்தைச் சற்றுப் பெரிதாக அச்சிடுவதும் நல்லது. அடுத்த ஆண்டும் அதே ஆலயத்திற்குப் போவேன், அந்தப் பெரியம்மாவுக்கும் ஒரு தாள் வாங்கி வைப்பேன்.