கடலோர ரயில்பாதை: பழைய பதிவா, வருங்காலக் கணிப்பா?

கடலோரப் பாதையின் அபாயத்தை மதிப்பிடப் பழைய புயல், அலைப் பதிவுகள் போதுமா, பருவநிலைக் கணிப்புகள் வேண்டுமா என்று வேலூரில் கட்டடப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் கேட்கிறார்கள்.

செலவு: பதிவுகள் கைவசம் உள்ளன, கணிப்புக்கு நில உயர அளவீடும் கணினி மாதிரியும் தேவை.

எளிமை: பதிவுதான்.

நீடிப்பு: இங்கே பதிவு தோற்கிறது. பசுமைக்குடில் வாயு உமிழ்வைப் பொறுத்து, 2100க்குள் கடல்மட்டம் 1995–2014 சராசரியைவிட 0.28 முதல் 1.01 மீட்டர் வரை உயரக்கூடும் என ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021இல் மதிப்பிட்டது. அப்படி உயர்ந்தால், முன்பு தாங்கிய அதே புயலே கரையைத் தாண்டி வரும். 2014 பிப்ரவரியில் இங்கிலாந்தின் டாலிஷில் கடற்சுவர் உடைந்து, தண்டவாளம் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கியது. கடலே இல்லாத நம் பகுதியிலும், 2021 டிசம்பரில் பொன்னையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பழுதாகிக் காட்பாடி வழி ரயில்கள் பல ரத்தாயின.

ஜல்லி நிரப்புதல், வடிகால் தூர்வாருதல் போன்ற ஆண்டுப் பராமரிப்புக்குப் பதிவு போதும். தலைமுறைகள் நிற்க வேண்டிய பாலத்துக்கும் கடற்சுவருக்கும் கணிப்பைத் தவிர்க்கவே கூடாது.