முன் இறக்கமா, பின் இறக்கமா, போட் நெக்கா?

தை பிறந்து முகூர்த்த நாட்கள் தொடங்கியதும், தருமபுரி, கிருஷ்ணகிரி தையற்கடைகளில் ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போது தவறாமல் வரும் கேள்வி, கழுத்து எவ்வளவு இறக்கம் என்பது. முன்கழுத்து இறக்கம், பின்கழுத்து இறக்கம், இறக்கமே இல்லாத போட் நெக் ஆகிய மூன்றில் எது அழகு என்பதோடு, பந்தி முடியும்வரை எது தோள் நழுவாமல் நிற்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

பின்கழுத்து 9 அல்லது 10 அங்குலம் இறங்கினாலும், முன்கழுத்தை 6 அங்குல அளவில் நிறுத்தினால் முன்பக்கத் துணி தோளைப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் ஒருசேர இறக்கி அகலத்தையும் கூட்டினால், சரிகை முந்தானையின் எடையைத் தாங்கும் இடத்தோள்தான் முதலில் சரியும். ஆழத்தோடு அகலமும் சேர்வதே தொல்லை என்பதால், மேலே குறுகிக் கீழே விரியும் பாட் நெக், அதே ஆழமுள்ள அகன்ற யூ நெக்கைவிட உறுதியாக நிற்கிறது. முதுகின் மேற்புறம் கட்டும் நாடா குஞ்சம் தொங்கவிடுவதற்கு மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். இரு தோள்பட்டைகளையும் உள்நோக்கி இழுத்துப் பிடிப்பதே அதன் முதல் வேலை. உள்ளாடைப் பட்டை வெளியே தெரியாதிருக்க ரவிக்கையிலேயே கப் வைத்துத் தைக்க வேண்டியிருப்பதால், கூலி சற்று ஏறும்.

முன்கழுத்து இறக்கத்தில் அட்டிகை கழுத்தோடு படிந்து கல் கல்லாகத் தெரியும். அந்த அழகு மற்ற இரண்டிலும் கிடைக்காது. ஆனால் பெரியவர்கள் காலில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் மணப்பெண்ணின் கை முந்தானையைத் தேடிப் போகுமானால், அட்டிகையை யார் ரசிப்பது?

போட் நெக் அகன்றிருந்தும் ஆழம் இல்லாததால் நகராது. சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் தை மாதக் காலைக்கு அது இதம். சித்திரையில் தருமபுரி மண்டபத்தில் வேர்த்துக் கொட்டும். அட்டிகை துணியின்மேல்தான் கிடக்கும். கொக்கிகளைப் பெரும்பாலும் முதுகுப்பக்கம் வைப்பதால், மாட்டிவிட இன்னொருவர் வேண்டும்.

முகூர்த்தப் பட்டுக்கு என் தேர்வு, நாடா வைத்த பாட் நெக் பின்கழுத்தும் அடக்கமான முன்கழுத்தும். ஆரி வேலை செய்யக் கொடுப்பதானால், கழுத்தின் அளவைப் பழைய லைனிங் துணியில் தைத்து, போட்டுப் பார்த்து, குனிந்தும் பார்த்துவிட்டே கொடுக்க வேண்டும். கழுத்தோரம் ஊசி ஓடிய பின் அரை அங்குலம் இறக்கினாலும் வேலைப்பாடு கத்தரியோடு போய்விடும்.