அடுப்பு டோஸ்டரோடு ஆறு வருஷம்

"கரண்டில் ஓடுவது ஒன்று சும்மாதானே கிடக்கிறது, இது எதற்கு?" என்று இந்த அடுப்பு டோஸ்டரை வாங்கி வந்த அன்றே அம்மா கேட்டுவிட்டார். சாண்ட்விச்சை நடுவில் வைத்து அடுப்புத் தீயில் வாட்ட இரண்டு அலுமினியத் தட்டு, ஒரு கீல், நீளமாக இரண்டு கறுப்புக் கைப்பிடி, முனையில் ஒரு கொக்கி. 2019-இல் பாத்திரக் கடையில் 260 ரூபாய். மும்பை மாட்டுங்காவில் வேலை பார்த்த காலத்தில் தெருவோர சாண்ட்விச்காரர் கையில் பார்த்துப் பார்த்து வந்த ஆசை.

முதல் மாதம் படுதோல்வி. காலையில் மிஞ்சிய பூரி மசாலாவை இரண்டு பிரெட்டுக்கு நடுவே அள்ளி வைத்து, அமுக்கிக் கொக்கியை மாட்டினேன். அடுப்பில் வைத்ததும் நாலு பக்கமும் பிதுங்கி வழிந்து பர்னரில் கருகியது. அன்று சாயங்காலம் ஊக்கை வைத்து பர்னர் ஓட்டைகளைக் குத்திக்கொண்டிருந்தேன். தப்பு டோஸ்டர்மேல் இல்லை. மசாலா தளர்வாக இருக்கக் கூடாது. இரண்டு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டுப் பரப்ப வேண்டும். அந்த வெற்று ஓரம்தான் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். மாட்டுங்காக்காரர் இன்னொன்றும் செய்வார்: கொக்கியை மாட்டிய பிறகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிரெட் ஓரத்தைக் கத்தியால் சரக்கென்று சுற்றி அரிந்துவிடுவார். அதைச் செய்யாவிட்டால் நீட்டிய பாகம்தான் முதலில் தீயும்.

ஆனால் சாண்ட்விச் சொதசொதவென்று ஆவதற்கு டோஸ்டரைவிடத் தண்ணீர்தான் காரணம் என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி, உப்புத் தூவிப் பத்து நிமிஷம் வைத்தால் தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும். அத்தனையும் பிரெட்டுக்குள் போயிருக்க வேண்டியது! ஒற்றி எடுத்துவிட்டு அடுக்குங்கள். தக்காளியில் விதைப் பகுதியை வழித்துவிடுவேன். கொத்தமல்லிச் சட்னி அரைக்கும்போது ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை சேர்த்தால் ஈரத்தை இழுத்துக் கெட்டியாக நிற்கும். சட்னிக்கு முன்னால் வெண்ணெய், அதுவும் உள்பக்கம் மூலைவரை. கொழுப்புப் படலம் ஈரத்தைத் தடுக்கும். மூலையை விட்டால் அங்கேதான் முதலில் ஊறும்.

வெண்ணெய் தடவும்போது பிரெட் கிழிகிறதா? பாக்கெட்டை ஃப்ரீசரில் போடுங்கள். விறைத்த ஸ்லைஸில் இளகின வெண்ணெய் வழுக்கிக்கொண்டு போகும். டோஸ்டர் சூட்டில் பிரெட் தானாக இளகிவிடும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு மட்டும் வேண்டாம், வெளியே இருப்பதைவிட அங்கேதான் சீக்கிரம் வறண்டு போகும்.

தீ, சின்ன பர்னரில் சிம். பக்கத்துக்கு இரண்டு நிமிஷம். தட்டின் உள்பக்கம் வெண்ணெய் குடித்துக் குடித்து இப்போது தேன் நிறம். வேலைக்கார அக்கா ஒருநாள் ஆசையாகக் கம்பி நார் போட்டுப் பளபளவென்று ஆக்கிவிட்டார். அடுத்த நாள் பிரெட்டின் மேல்தோல் முழுக்க தட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பழைய நிலைக்கு வர இரண்டு வாரம் பிடித்தது. அதிலிருந்து ஈரத்துணியில் துடைப்பதோடு சரி. வெளிப்பக்கக் கரியைக் கண்டுகொள்வதில்லை, கைத்துணிதான் பாழாகும்.

குறை என்றால், ஒரு நேரத்தில் ஒன்றுதான். நாலு பேருக்குச் சுடும்போது முதல் ஆள் சாப்பிட்டுக் கை கழுவிவிடுவார். பள்ளிக்கூட நாள் காலையில் அதனால் கரண்டில் ஓடுவதைத்தான் எடுக்கிறேன். இரண்டு இரண்டாக வரும், பக்கத்தில் நிற்க வேண்டாம். ஆனால் தீயில் வாட்டிய அந்த மொறுமொறுப்பு அதில் இல்லை, அதன் நான்ஸ்டிக்கும் மூன்றாம் வருஷமே உரியத் தொடங்கிவிட்டது.

கைப்பிடித் திருகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தளரும், முடுக்கிக்கொள்ளலாம். போன மாதம் கைப்பிடியே விரிசல் விட்டுவிட்டது. குக்கர் ரிப்பேர் கடையில் 40 ரூபாய்க்கு வேறு போட்டுக் கொடுத்தார். அது பழையதைவிட ஒரு விரல் நீளம், கொக்கி எட்டவில்லை. இப்போதைக்குக் கட்டுக்கம்பியில் ஒரு வளையம் செய்து மாட்டியிருக்கிறேன்.