நின்று நின்று ஓடும் டிராக்டர்: ஷோரூமா, ஊர் மெக்கானிக்கா, நாமேவா?

எங்கள் வண்டி 45 ஹெச்பி, வாங்கி 11 வருஷம் ஆகிறது. கம்பெனி பெயர் வேண்டாம், இந்தக் கோளாறு எந்த வண்டிக்கும் வரும். போன சம்பாவுக்கு மன்னார்குடிப் பக்கம் சேற்றுழவு ஓடிக்கொண்டிருந்த நேரம். வண்டி 40 நிமிஷம் நன்றாக ஓடும், அப்புறம் இழுவை குறைந்து, இரண்டு மூன்று தடவை திணறி நின்றுவிடும். பத்து நிமிஷம் விட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகும். மறுபடி 40 நிமிஷம். தண்ணீர் வைத்த வயலில் கேஜ் வீலோடு (சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புச் சக்கரம்) வண்டி நின்றால் என்ன பாடு என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வழியையும் பார்த்துவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மாதிரி வந்து வந்து போகும் கோளாறுக்கு, முதல் சோதனையை நாமே வயலில் வைத்துச் செய்வதுதான் சரி. கழற்றி மாட்டும் வேலை அப்புறம் யாரிடம் போனாலும் பரவாயில்லை.

சர்வீஸ் சென்டரில் அசல் பார்ட்ஸ் கிடைக்கும், பில் கிடைக்கும், செலவு அதிகம், சீசனில் வரிசையில் நிற்க வேண்டும். இதெல்லாம் தெரிந்ததுதான். வண்டியை ஏற்றிக்கொண்டு போனேன். ஷெட்டில் ஒரு மணி நேரம் ஐடிலில் ஓட விட்டார்கள், நிற்கவே இல்லை. எப்படி நிற்கும்? பாரம் இல்லை, குலுக்கல் இல்லை, ஆர்பிஎம் குறைவு என்பதால் பம்ப் இழுக்கும் டீசலும் கொஞ்சம்தான். இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றி, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, நாலாயிரத்துச் சொச்சத்துக்கு பில் போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். கண்ணில் படாத கோளாறுக்கு வேறு என்ன செய்வார்கள், பழசாகத் தெரிந்ததை மாற்றினார்கள். மறுநாள் வயலில் இறங்கி 42வது நிமிஷம் வண்டி நின்றது.

ஊர் மெக்கானிக் அண்ணன் வயலுக்கே வந்தார். அதுவே பெரிய விஷயம். ஆனால் அவர் பைக்கில் வந்து சேர முக்கால் மணி நேரம், அதற்குள் வண்டி ஆறி ஸ்டார்ட் ஆகிவிட்டது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தம்பி, பம்பு போச்சு. சூடானா டீசல் தண்ணி மாதிரி இளகிடும், தேஞ்ச பம்பு பிரஷர் கட்டாது. கழட்டி பம்பு நாசில் கடைக்குக் கொண்டு போயிரலாம்" என்றார். 12 ஆயிரம் வரை ஆகலாம் என்றும் சொன்னார். இது சும்மா அடித்துவிட்ட கணிப்பு இல்லை. எஞ்சினுக்குள் அழுத்தத்தோடு டீசலை அனுப்பும் மெயின் பம்ப் தேய்ந்தால், அதிலும் ரோட்டரி வகைப் பம்ப் என்றால், சூட்டில் வண்டி நின்று ஆறியதும் ஓடுவது உண்மைதான். பம்ப் மேல் ஈரத் துணி போட்டு உடனே ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கமும் இதனால்தான். சிக்கல் என்னவென்றால் டீசல் வரத்து அடைபட்டாலும் வண்டி இதே மாதிரிதான் நடந்துகொள்ளும்: ஓடும், நிற்கும், கொஞ்ச நேரம் விட்டால் ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

நான் பார்த்தவரை எல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் தீர்மானமாகிறது. வண்டி நிற்கிற அந்த ஒன்றிரண்டு நிமிஷத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்? சர்வீஸ் சென்டர்காரருக்கு எவ்வளவு படிப்பும், மெக்கானிக்குக் கைராசியும் இருந்தாலும், அந்த நேரத்தில் ஸ்டீரிங்கில் இருப்பது நாம்தான். அப்போது பார்க்காததைப் பின்னால் யாரும் பார்க்க முடியாது.

நிற்கும் விதத்தை முதலில் கவனித்தேன். டக்கென்று, சாவியை அணைத்த மாதிரி நின்றால் ஸ்டாப் சோலினாய்டு (சாவியை அணைத்தால் டீசலை நிறுத்தும் மின் வால்வு), வயர் பக்கம் சந்தேகப்படலாம். எங்கள் வண்டி திணறித் திணறி நின்றது, அப்படியென்றால் டீசல் குறைகிறது. கறும்புகை வந்திருந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பையோ அளவுக்கு மீறிய பாரத்தையோ சொல்லியிருக்கலாம். புகையே இல்லை, எரிய டீசல் போதாமல்தான் இழுவை போகிறது. அடுத்த தடவை நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்தேன். மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைந்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, திறக்கும்போது 'உஸ்' என்று காற்று இழுக்கும். சத்தம் ஒன்றும் இல்லை. அதற்குள் போன் வந்தது, பேசிவிட்டு வந்து ஃபீட் பம்புக்கு (டேங்கிலிருந்து டீசலை இழுத்து மெயின் பம்புக்கு அனுப்பும் சின்ன பம்ப்) வரும் ஓஸைக் கழற்றினால் டீசல் தாராளமாகக் கொட்டியது. அந்தப் போன் பேச்சில் ஒரு முழுச் சுற்றுச் சோதனை வீணாகிவிட்டது என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அதனால் அடுத்த சுற்றில் ஸ்பேனரையும் ஒரு காலி பாட்டிலையும் மட்கார்டு மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டினேன். திணறியதும் பிடிஓவை (பின்னால் மாட்டிய கருவியைச் சுற்ற வைக்கும் தண்டு) எடுத்துவிட்டு இறங்கினேன். வண்டி நின்று அரை நிமிஷத்துக்குள் ஓஸைக் கழற்றிப் பாட்டிலில் பிடித்தேன். டேங்க் எஞ்சினுக்கு மேலே இருக்கிற வண்டி, அந்த ஓஸில் டீசல் கொட்ட வேண்டும். நூல் மாதிரி ஒழுகியது. பம்புக்கு வருவதற்கு முன்னாலேயே டீசல் வரவில்லை, அப்படியிருக்க பம்பை எதற்குக் கழற்ற வேண்டும்? ஓஸ் வழியாக டேங்க் பக்கம் வாயால் ஊதினேன் (டீசல் ருசி சாயங்காலம் வரை போகவில்லை, சைக்கிள் பம்ப் வைத்துக்கொள்வது உத்தமம்). உள்ளே 'குபுக்' என்று ஒரு சத்தம், அதன் பிறகு பாட்டில் ஐந்து நொடியில் நிறைந்தது.

ஓஸை மாட்டி, ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்துக் குமிழ் இல்லாமல் டீசல் வரும்வரை ஏர் எடுத்தேன். வீட்டுக்கு ஓட்டி வந்து டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாலிதீன் துண்டு. டீசல் கேன் வாயில் மூடிக்குக் கீழே வைத்துத் திருகும் தாள்தான், வேறொன்றும் இல்லை. எஞ்சின் இழுக்க இழுக்க அது மெதுவாக வந்து அடிவாயில் ஒட்டிக்கொள்ளும், இழுப்பு நின்றதும் விலகிவிடும். செலவு பூஜ்யம்.

இதை வைத்து எல்லாவற்றையும் நாமே பார்க்கலாம் என்று சொல்ல வரவில்லை. பம்பைத் திறப்பது, நாசில் பிரஷர் வைப்பது இதெல்லாம் டெஸ்ட் பெஞ்ச் இருக்கும் கடை வேலை. ஹைட்ராலிக், கியர் பாக்ஸ் பக்கம் எனக்குக் கை பழகவில்லை, அங்கே நான் மெக்கானிக் அண்ணனிடமே போவேன். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் முதலில் ஷோரூம்தான். 2023 ஜனவரியிலிருந்து 50 ஹெச்பிக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு டிரெம் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டது, அவற்றில் பெரும்பாலும் வருவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசலைப் பீய்ச்சும் சிஆர்டிஐ எஞ்சின். மச்சானிடம் ஒன்று இருக்கிறது, நான் இரண்டு நாள் ஓட்டியதோடு சரி. அதில் டீசல் பிரஷர் ஆயிரம் பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) மேல் போகும், எஞ்சின் ஓடும்போது பைப் நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அங்கே ஸ்கேனர் வைத்திருப்பவர்தான் சரியான ஆள். ஆனாலும் வண்டி எப்படி நின்றது, புகை எப்படி இருந்தது, எத்தனையாவது நிமிஷம் என்று குறித்துக்கொண்டு போனால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

பாலிதீன் துண்டை மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டேங்க் வாயில வலை இருக்குமே, அதத் தாண்டி இது எப்படிப்பா உள்ள போச்சு?" என்றார். டீசல் வேகமாக இறங்கவில்லை என்று நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வலையைக் கழற்றியது நான்தான். ஷெட்டில் போய்ப் பார்த்தேன், ஆணியில் மாட்டியது மாட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது.