முன்கூட்டியே மானியமா, மின் இணைப்பு கொடுத்த பின் பணமா?

மின்சாரம் எட்டாத மக்களுக்கு அதைக் கொண்டுபோகும் நிறுவனங்களுக்கு மானியத்தை எப்போது கொடுப்பது என்பதுதான் கேள்வி. கென்யாவின் கைபேசிப் பணச் சேவையான எம்-பெசா, 2007-இல் அறிமுகமாகும் முன்பே பிரிட்டன் அரசின் மானியத்தோடு சோதித்துப் பார்க்கப்பட்டது. அது வெறும் பணம் அனுப்பும் சேவைதான். அப்புறம் 2012-இல் எம்-கோபா என்ற நிறுவனம் அதை நம்பியே சோலார் விளக்குகளைத் தவணையில் விற்றது. கைபேசியில் தவணை கட்டினால் எரியும்; கட்டாவிட்டால் உள்ளே இருக்கும் சிம் வழியாக நின்றுவிடும். ஒரு மானியத்தால் பின்னாளில் வரும் இப்படிப்பட்ட பலனை முன்கூட்டியே கணக்கிட முடியாது. அதனால், புது முயற்சி என்றால் முதலிலேயே பணம் கொடுப்பதுதான் சரி என்பேன்.

நைஜீரியாவில் உலக வங்கி நிதியில் நடந்த திட்டம் வேறு வழி. மினி கிரிட், அதாவது ஓர் ஊரளவில் மின்சாரம் தரும் சிறு மின் கட்டமைப்பு, நடத்தும் நிறுவனங்களுக்கு ஓர் இணைப்புக்கு 350 டாலர் மானியம் என்று தொடங்கியது. இணைப்பைச் சரிபார்த்த பிறகே பணம். பொதுப்பணம் வீணாகாது, உண்மைதான். ஆனால் அதுவரை கைப்பணம் போட முடியாத உள்ளூர்ச் சிறு நிறுவனங்கள் வெளியே நிற்கின்றன. அவர்களுக்குப் பாதியையாவது முன்பணமாகத் தர வேண்டும்.